ஒருவரால் மட்டும் முடிக்க முடியாத புதையல் வேட்டை

வாசகர் கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் 11 வயது நிறைகிறது. பலூன், பொம்மை, பாட்டு நிற்கும்போது நாற்காலி பிடிப்பது எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டு, இந்த ஆண்டு தன் நண்பர்கள் 10 பேருடன் புதையல் வேட்டை விளையாட வேண்டும் என்கிறாள். வீட்டில் இப்போது ஒருவர் வருமானம்தான்; நிகழ்ச்சி நடத்தித் தருபவர்கள் கேட்கும் தொகை எங்களுக்கு எட்டாது. இரண்டு அறை வீடு, கீழே குடியிருப்புக்குப் பொதுவான சிறு தோட்டம், 2 மணி நேரம், இவ்வளவுதான் எங்களிடம் உள்ளது. வருகிற பிள்ளைகளில் ஒருவன் கால் முறிந்து ஊன்றுகோலுடன் நடக்கிறான். சென்ற ஆண்டு விளையாட்டில் தோற்ற இருவர் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். எத்தனை துப்புகள் வேண்டும்? எவ்வளவு கடினமாக இருக்கலாம்? செலவைக் குறைத்திருக்கிறோம் என்பது மற்ற பிள்ளைகளின் கண்ணில் படாமல் எப்படி நடத்துவது? 8 வயதான என் மகனை அன்றைக்கு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்கவைத்தது, செலவு குறைந்தது கண்ணில் படுமோ என்ற கவலைதான். பிள்ளைகளுக்கான விளையாட்டு நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகளாக அமைத்து வருகிறவன் என்ற முறையில் முதலில் இதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். 10 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள் ஒரு விருந்தில் இரண்டு விஷயங்களை மிகக் கூர்மையாகக் கவனிக்கிறார்கள். தங்களைச் சின்னப் பிள்ளைகளாக நடத்துகிறார்களா என்பது ஒன்று; நண்பர்கள் முன்னால் தாங்கள் அசடாகத் தெரிந்துவிடுவோமா என்பது மற்றொன்று. சுவரில் தொங்கும் அலங்காரம் விலைக்கு வாங்கியதா, வீட்டில் செய்ததா என்பது அவர்கள் மனத்தில் சில நிமிடங்கள்கூட நிற்பதில்லை. ஆனால் கையால் எழுதி, மடித்து, நூல் சுற்றி, அவரவர் அணியின் நிறத்தில் குறியிட்ட ஒரு துப்புச் சீட்டைக் கையில் வாங்கும்போது, யாரோ தங்களுக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. ஆகவே நீங்கள் செலவழிக்க வேண்டியது இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளை. பொருள் என்று பார்த்தால் ஒரு பக்கம் எழுதிய பழைய தாள்கள், மூன்று நிறத்தில் நூல், பென்சில், கத்தரிக்கோல், ஒரு பழைய அட்டைப்பெட்டி ஆகியவை போதும்.

அடுத்து, சென்ற ஆண்டு அழுத பிள்ளைகளைப் பற்றி. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஏழு துப்புகள் கொண்ட ஒரு வேட்டையை மிகுந்த உழைப்புடன் தயாரித்தேன். ஒரு துப்பிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அதற்கடுத்தது என்று நேர்கோட்டில் போகும் அமைப்பு அது. அன்று வந்தவர்களில் ஒரு சிறுவன் மிகவும் கெட்டிக்காரன். ஏழு துப்புகளையும் அவனே அவிழ்த்தான். மற்ற பத்துப் பேரும் அவன் பின்னால் ஓடினார்கள். நான்காவது துப்புக்குப் பிறகு சிலர் ஓடுவதையும் நிறுத்திவிட்டு ஓரமாக நின்றார்கள். முடிந்ததும் அந்தச் சிறுவன்கூட மகிழ்ச்சியாக இல்லை, அவனோடு யாரும் பேசவில்லை. தவறு பிள்ளைகளிடம் இல்லை, நான் போட்ட அமைப்பில் இருந்தது. அன்றிலிருந்து ஒரு வேட்டையைத் திட்டமிடும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இதை ஒரே ஒரு பிள்ளை தனியாக முடித்துவிட முடியுமா என்பதுதான். முடியும் என்று தோன்றினால் அந்த அமைப்பை மாற்றிவிடுகிறேன். உங்கள் வேட்டையையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே கட்டுவோம்.

தேடல் விளையாட்டுகளில் இரண்டு வகை உண்டு. பட்டியலைக் கையில் கொடுத்து, அதில் உள்ள பொருள்களை எல்லாம் முதலில் சேர்த்துக் கொண்டுவருபவர் வென்றார் என்று சொல்வது ஒரு வகை. விருந்துகள் நடத்துவதில் பெயர்பெற்ற எல்சா மேக்ஸ்வெல் என்ற அமெரிக்கப் பெண்மணி, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூயார்க்கின் செல்வந்தர்களிடையே பரவலாக்கியது இந்த வகையைத்தான். விருந்தினர்கள் விநோதமான பொருள்களைத் தேடி நகரெங்கும் அலைந்தார்கள். பெரியவர்களுக்கு அது பொருந்தலாம். பிள்ளைகளிடம் அதைக் கொடுத்தால் தெரியாத வீட்டுக் கதவுகளைத் தட்டத் தொடங்குவார்கள், வேகமாக ஓடுபவரே எப்போதும் வெல்வார், ஊன்றுகோலுடன் வரும் பிள்ளைக்கு அதில் இடமே இருக்காது. எனவே இடத்திலிருந்து இடத்துக்குத் துப்பு வழியே போகும் இரண்டாவது வகையையே உங்களுக்குச் சொல்வேன். ஆனால் நான் முன்பு தவறிய அந்த நேர்கோட்டை வளையமாக மாற்றிவிட வேண்டும்.

உங்கள் மகளையும் சேர்த்து 11 பேர். நால்வர், நால்வர், மூவர் என மூன்று அணிகள் போதும். ஓர் அணியில் ஐந்து பேருக்கு மேல் போனால் ஒருவராவது கைகட்டி நிற்பார். ஆறு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: மூன்று வீட்டுக்குள், மூன்று தோட்டத்தில். அவற்றுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். முதல் இடத்தில் இருக்கும் துப்பு இரண்டாவது இடத்தைச் சொல்லும், இரண்டாவது மூன்றாவதைச் சொல்லும், இப்படியே போய் ஆறாவது இடத்தின் துப்பு மறுபடி முதல் இடத்தைச் சொல்லும். இப்போது சிவப்பு அணியை 1-லும், நீல அணியை 3-லும், பச்சை அணியை 5-லும் தொடங்கவையுங்கள். மூன்று அணிகளும் ஒரே ஆறு இடங்களைத்தான் சுற்றுகின்றன, ஆனால் ஒருவரையொருவர் பின்தொடர்ந்து ஓட வழியில்லை. உங்களுக்கும் வேலை குறைவு: ஆறே துப்புகளை எழுதி, ஒவ்வொன்றையும் மூன்று படிகள் எடுத்தால் 18 சீட்டுகள் ஆயிற்று. ஒவ்வொரு அணிக்கும் முதல் சீட்டை, அதாவது அந்த அணி தொடங்கும் இடத்தைச் சொல்லும் சீட்டை, கையில் கொடுத்துவிடுவீர்கள், மீதமுள்ள ஐந்தும் இடங்களில் இருக்கும். அந்த அணி கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் துப்புக்குப் பதிலாக ஒரு வரைபடத் துண்டு காத்திருக்கும். சிவப்பு அணிக்கு அது 6-ஆம் இடம், நீல அணிக்கு 2, பச்சை அணிக்கு 4.

வேட்டையின் உயிர் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. வீட்டையும் தோட்டத்தையும் ஒரு தாளில் வரைந்து, புதையல் பெட்டி இருக்கும் இடத்தைக் குறித்து, அதைக் கோணலாக மூன்றாக வெட்டுங்கள். வெட்டுக்கோடு பெட்டியின் குறி மீதே போக வேண்டும். மூன்று துண்டும் சேராமல் யாராலும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் முடித்த அணி, மற்ற அணிகள் முடிக்கும்வரை காத்திருப்பதோடு நிற்காமல், தானாகவே அவர்களுக்கு உதவப் போவதை நீங்கள் பார்ப்பீர்கள். தோற்றவர் என்று ஒருவர் இல்லாமலே விளையாட்டு முடியும். போட்டி இல்லாவிட்டால் இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சலிக்குமே என்று சில பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. அவிழாத துப்பு ஒன்று கையில் இருக்கும்போது அவர்களுக்குச் சலிப்பதில்லை என்பதே நான் கண்டது.

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: இடத்தின் எண், இடத்தின் பெயர், அங்கே வைக்க வேண்டிய துப்பு எந்த இடத்தைச் சொல்கிறது, எந்த நிறச் சீட்டுகள். இதைத் தேவையற்ற வேலையாக நினைத்துவிடாதீர்கள். வீட்டில் நடத்தும் வேட்டைகள் பாதியில் நின்றுபோவதற்கு மிகப் பொதுவான காரணம், மூன்றாவது இடத்தைச் சொல்லும் துப்பை அந்த மூன்றாவது இடத்திலேயே வைத்துவிடுவதுதான். பிள்ளைகள் அங்கே வந்து படித்துவிட்டு, தாங்கள் நிற்கும் இடத்தையே தேடிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு சீட்டின் பின்புறத்திலும் அது வைக்கப்பட வேண்டிய இடத்தின் எண்ணைப் பென்சிலால் சிறிதாக எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

இனித் துப்புகள். இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன, ஆனால் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. கடிகாரத்துக்குக் கை உண்டு, முகம் உண்டு என்று ஒரு விடுகதையைத் தமிழில் சொன்னால் பிள்ளைகள் விழிப்பார்கள், ஏனென்றால் நம் கடிகாரத்துக்கு இருப்பது முள். அந்த முள்ளை வைத்தே எழுதிப் பாருங்கள்: "முள் உண்டு, குத்தாது, ஓயாமல் ஓடும், ஓரடி நகராது." புத்தக அலமாரிக்கு இப்படி எழுதலாம்: "தாள்கள் நூறு உண்டு, பூட்ட ஒரு கதவு இல்லை." தாள் என்பது காகிதத்தையும் தாழ்ப்பாளையும் குறிக்கும் என்பதை அந்த வயதில் ஒருவராவது கண்டுபிடித்துக் கத்துவார், கண்டுபிடிக்காதவர்களும் நூறு தாள் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். மாடிப்படிக்கு: "தினமும் 'படி, படி' என்கிறார்கள்; இன்று படிக்க வேண்டாம், எண்ணினால் போதும்." ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வரும் இடமெல்லாம் தமிழில் துப்பு எழுதுபவருக்குக் கிடைக்கும் சுரங்கம். உங்கள் வீட்டிலும் தோட்டத்திலும் உள்ள பொருள்களின் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு, எதற்கெல்லாம் இரண்டாவது பொருள் இருக்கிறது என்று ஒரு மாலை யோசித்தால் தேவையான அளவுக்குக் கிடைத்துவிடும்.

ஆறுமே விடுகதையாக இருந்தால் சொல்விளையாட்டில் தேர்ந்த பிள்ளை மட்டுமே மின்னுவார். எண்ணில் ஆர்வமுள்ளவர், கைவேலை தெரிந்தவர், கண்ணால் கூர்ந்து பார்ப்பவர் ஆகியோருக்கும் ஒவ்வொன்று வேண்டும். எண் பிரியர்களுக்காக நான் வெகுகாலமாகப் பயன்படுத்திவரும் ஒரு மறைமொழியைச் சொல்கிறேன். ஆங்கில எழுத்துகளை மூன்று இடம் தள்ளி எழுதும் ஜூலியஸ் சீசரின் முறை பலருக்குத் தெரியும். தமிழில் அப்படித் தள்ளினால் உச்சரிக்கவும் முடியாத எழுத்துக்கூட்டம்தான் வரும். ஆனால் நம்மிடம் அதைவிட அழகான ஒன்று இருக்கிறது. க் முதல் ன் வரை 18 மெய்களுக்கும் வரிசையாக எண் கொடுங்கள். அ முதல் ஔ வரை 12 உயிர்களுக்கும் அவ்வாறே கொடுங்கள். ஒவ்வோர் உயிர்மெய்யும் இப்போது இரண்டு எண்களின் சேர்க்கை, மெய் முதலில், உயிர் பின்னால். 'கதவு' என்பது 1-1, 7-1, 14-5. புள்ளி வைத்த மெய்க்கு உயிர் இல்லை என்பதால் அங்கே சுழி: 'மரம்' என்பது 10-1, 12-1, 10-0. தனி உயிருக்கு மெய் இல்லை என்பதால் சுழி முன்னால் வரும்: 'ஊஞ்சல்' என்பது 0-6, 4-0, 3-1, 13-0. பள்ளியில் மனப்பாடம் செய்த 216 உயிர்மெய்களும் ஒரு பூட்டின் திறவுகோலாக மாறுவதைக் கண்டு பிள்ளைகள் அடையும் வியப்பு எனக்கு இன்றும் அலுக்கவில்லை. எப்படி அவிழ்ப்பது என்பதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். சீட்டின் கீழே 'கதவு' என்ற சொல்லையும் அதன் எண்களையும் எடுத்துக்காட்டாகக் கொடுத்துவிட்டு, துப்பாக வேறு ஒரு சொல்லின் எண்களை மட்டும் வையுங்கள். தமிழ் எழுத்துகளை அவ்வளவு வேகமாக வரிசைப்படுத்தத் தெரியாத பிள்ளைகளும் வருவார்கள் என்றால் ஓர் எழுத்து அட்டவணையை அந்த இடத்தில் ஒட்டிவிடலாம்.

கண் கூர்மைக்கு, தோட்டத்தில் உள்ள ஏதேனும் ஒரு பொருளை மிக அருகிலிருந்து எடுத்த நிழற்படம் நல்லது. ஊஞ்சல் சங்கிலியின் ஒரு கண்ணியோ மரப்பட்டையின் ஒரு வெடிப்போ போதும். அதை எட்டுத் துண்டாக வெட்டி, சேர்த்துப் பார்க்கவையுங்கள். அச்சிட வசதி இல்லாவிட்டால் நீங்களே வரைந்துவிடலாம். கண்ணாடிக்கு அனுப்பும் துப்பை, கண்ணாடியில் காட்டினால் மட்டும் நேராகத் தெரியும்படி இடவலம் மாற்றி எழுதுங்கள். லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் வலமிருந்து இடமாக இப்படித்தான் எழுதினார். தமிழ் எழுத்துகளை அப்படி எழுதுவது கடினம் என்று தோன்றினால், தாளில் மையால் அழுத்தி எழுதி, சன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிராகத் திருப்பிவைத்து, மேலே வேறொரு தாளை வைத்து, பின்புறம் தெரியும் கோட்டின் மேலேயே அதில் வரைந்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து என்றால் பிள்ளைகளுக்கு உயிர். எலுமிச்சைச் சாற்றில் எழுதிச் சூடுகாட்டும் பழைய முறையை மட்டும் பிள்ளைகள் கூட்டமாக இருக்கும் இடத்தில் தயவுசெய்து வைத்துக்கொள்ள வேண்டாம். மெழுகுவத்தி, காகிதம், பரபரப்பான கைகள் மூன்றும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகு வண்ணக்கோலால், அல்லது ஒரு மெழுகுவத்தித் துண்டால், அழுத்தி எழுதுங்கள். மேலே நீர்வண்ணத்தைத் தடவினால் மெழுகு இருக்கும் இடத்தில் நீர் ஒட்டாமல் எழுத்து வெளிப்படும். இதற்கு ஒரு தூரிகையும் ஒரு கிண்ணம் வண்ண நீரும் அந்த இடத்தில் இருந்தால் போதும்.

கடினம் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். இந்த வயதினருக்குத் துப்பு சற்றுக் கடினமாக இருப்பதில் தவறில்லை, மிக எளிதாக இருந்தால்தான் அவமதித்ததாக நினைப்பார்கள். ஓர் இடத்துக்குச் சராசரியாக ஏழு நிமிடம் என்று கணக்கு வையுங்கள். யோசிப்பது, வாதாடுவது, நடப்பது, சீட்டைத் தேடுவது எல்லாம் அதில் அடங்கும். ஆறு இடங்களுக்கு 42 நிமிடங்கள், எப்படியும் ஒன்றில் சிக்கிக்கொள்வார்கள் என்பதால் இன்னும் 10 நிமிடங்கள். எட்டு இடங்களுக்கு மேல் போகவே வேண்டாம். 2 மணி நேரத்தில் முதல் 15 நிமிடம் எல்லாரும் வந்து சேரட்டும், 10 நிமிடம் விதிகளைச் சொல்லுங்கள், வேட்டைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு, மற்றதெல்லாம் பெட்டியைத் திறப்பதற்கும் சாப்பிடுவதற்கும் சும்மா பேசிக்கொண்டிருப்பதற்கும். இந்த வயதில் சும்மா பேசிக்கொண்டிருப்பதும் அவர்களுக்கு ஒரு பெரிய விருந்து, அதையும் நிகழ்ச்சிகளால் நிரப்பிவிடாதீர்கள்.

விருந்துக்கு வராத ஒரு பிள்ளையிடமோ, வீட்டுக்கு வரும் உறவினரிடமோ ஆறு துப்புகளையும் முன்கூட்டியே கொடுத்து அவிழ்க்கச் சொல்லுங்கள். எழுதியவருக்கு எல்லாத் துப்பும் எளிதாகத்தான் தெரியும், விடை அவர் மனத்தில் ஏற்கெனவே இருப்பதுதான் காரணம். சோதித்துப் பார்த்தவர் ஒரு துப்புக்கு இரண்டு நியாயமான விடைகளைச் சொன்னால் அந்தத் துப்பை உடனே திருத்துங்கள். தவறான இடத்தில் தேடி வெறுங்கையோடு திரும்பும் பிள்ளையின் உற்சாகத்தை மீட்பது எளிதன்று. சிக்கிக்கொள்ளும் அணிக்கு உதவவும் ஓர் ஏற்பாடு வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் மூன்று 'உதவிச் சீட்டு' கொடுங்கள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு சிறு குறிப்பு கிடைக்கும். கேட்பதைத் தோல்வியாக நினைக்கும் பிள்ளைகளுக்கு, இது விளையாட்டிலேயே உள்ள உரிமை என்ற எண்ணம் பெரிய ஆறுதல். குறிப்புகளையும் முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வாயால் சொல்லப் போனால் விடையே வந்துவிடும்.

அணிகளை நீங்களே முன்னதாகப் பிரித்துவிடுங்கள். அவர்களாகவே ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசியாக அழைக்கப்படும் பிள்ளைக்கு, அன்றைய விருந்து அந்த நொடியிலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் மகளைக் கேட்டு, யார் யாருடன் எளிதாகப் பழகுவார்கள் என்று தெரிந்துகொண்டு, நூலைக் கையில் கட்டிவிட்டு அணியை அறிவியுங்கள். ஒவ்வோர் அணிக்குள்ளும் படிப்பவர், எழுதுபவர், இடத்தில் தேடுபவர், நேரம் பார்ப்பவர் என்ற பொறுப்புகள் ஒவ்வொரு துப்புக்கும் மாறிக்கொண்டே வரட்டும். மூவர் அணியில் நேரம் பார்ப்பதை உடன் வரும் பெரியவர் ஏற்கலாம். சத்தமாகப் படிக்கத் தயங்கும் பிள்ளை யாராவது இருப்பார். ஒருவருக்கொருவர் பொறுப்பை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் விதியாகச் சொல்லிவிட்டால், காரணம் கேட்கப்படாமலே அவர் ஒதுங்கிக்கொள்ளலாம்.

ஊன்றுகோலுடன் வரும் சிறுவனுக்குத் தனி ஏற்பாடு என்று ஒன்றும் கண்ணில் தெரியக் கூடாது. வளையத்தை நான் சொன்னபடி அமைத்து, 1, 2, 3 ஆகியவற்றை வீட்டுக்குள்ளும் 4, 5, 6 ஆகியவற்றைத் தோட்டத்திலும் வைத்தால், சிவப்பு அணி ஒரே ஒருமுறைதான் வீட்டிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும். மற்ற இரண்டு அணிகளும் இரண்டு முறை இடம் மாறும். ஆகவே அவனைச் சிவப்பு அணியில் சேருங்கள். மாடிப்படியில் வைக்கும் சீட்டுகள் எல்லாம் கீழ்ப்படியின் ஓரத்திலேயே இருக்கட்டும், எண்ணுவதற்கு யாரும் ஏற வேண்டியதில்லை. எல்லாச் சீட்டுகளும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்திலோ, உட்கார்ந்து எடுக்கும்படியோ இருந்தால் எல்லாருக்குமே நல்லது. நாற்காலி மீது ஏறித் தேடும் ஆசையும் வராது. வேகத்துக்கு இந்த வேட்டையில் மதிப்பெண் இல்லை என்பதால் அவன் யாரையும் தாமதப்படுத்துகிறவனாக ஆக மாட்டான்.

ஒரே இடத்துக்கு மூன்று அணிகளும் வருவதால் மற்ற அணியின் சீட்டைத் தொடாமல், இடத்தை முன்பிருந்தபடியே விட்டுச் செல்லும் ஒழுங்கு அவசியம். இதை விதியாகச் சொல்வதைவிட ஒரு கதையாகச் சொன்னால் பிள்ளைகள் பெருமையோடு கடைப்பிடிக்கிறார்கள். 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், சதுப்பு நடுவே எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் பூல் என்ற இடத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் இட்டுவிட்டு, குப்பியை அங்கேயே அடுத்தவருக்காக விட்டுச் சென்றார்கள். உங்கள் ஆறு இடங்களிலும் ஒரு சிறு தாளை வைத்து, வரும் அணி தன் அடையாளத்தை அதில் வரைந்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். எந்த அணி எங்கே இருக்கிறது என்று நீங்கள் அறியவும் அது உதவும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் எதையும் விட்டுவிட வேண்டாம். தோட்டத்தின் எல்லையைப் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து காட்டிவிடுங்கள். அதற்கு வெளியே, குறிப்பாகச் சாலைப் பக்கம், எந்தத் துப்பும் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடுப்பு, மின்பொருள், மருந்து, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகில் எதையும் ஒளிக்காதீர்கள். பிள்ளைகள் திறக்கக் கூடாத அறையின் கதவிலும் அலமாரியிலும் ஒரு வெள்ளை நூலைக் கட்டி, வெள்ளை நூல் இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னால் உங்கள் துணி அலமாரி தப்பிக்கும். அணிக்கு ஒரு பெரியவர் உடன் போகட்டும். அவர் துப்பை அவிழ்க்க உதவக் கூடாது. பொதுத்தோட்டம் என்பதால் குடியிருப்பை நிர்வகிப்பவர்களிடம் நாளையும் நேரத்தையும் முன்பே சொல்லி ஒப்புதல் பெறுவது மரியாதை. கைப்பேசிகளை ஒரு கூடையில் சேர்த்துவைத்துவிடுங்கள். படம் எடுப்பது உடன்வரும் பெரியவரின் வேலை. அந்தப் படங்களை மற்ற பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் எங்கும் பகிர வேண்டாம். மழை வந்தால் தோட்டத்து மூன்று இடங்களுக்குப் பதிலாக வீட்டுக்குள் எந்த மூன்று என்பதை இப்போதே முடிவு செய்து, அவற்றுக்கான துப்புகளையும் எழுதி ஓர் உறையில் வைத்திருங்கள். சீட்டுகளை விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் வையுங்கள். அதற்கு முன் வைத்தவை காற்றுக்கும் தோட்டத்தில் விளையாட வரும் வேறு பிள்ளைகளுக்கும் போய்விடும்.

உங்கள் மகள் விளையாட வேண்டுமா, விளையாட்டை அமைப்பதில் உங்களோடு சேர வேண்டுமா என்பதை அவளிடமே கேளுங்கள். இரண்டும் நல்லவையே. ஆனால் அமைத்தவள் விளையாட முடியாது என்பதை முன்பே அவளுக்குத் தெளிவுபடுத்திவிடுங்கள். விளையாடத்தான் ஆசை என்றால், இந்தக் கடிதம் உட்பட எல்லாவற்றையும் அவள் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவள் அமைப்பவளாகிவிட்டால் மீதி 10 பேரை நால்வர், மூவர், மூவர் எனப் பிரித்துவிடலாம்.

பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதில்தான் பலர் மொத்தச் செலவையும் கொட்டிவிடுகிறார்கள். ஆளுக்கொரு சிறு பொருளாக 11 வாங்கினால் அது வீடு போய்ச் சேர்வதற்குள் உடைந்துவிடும். நான் சொல்வது இது: அழைப்பிலேயே, படித்து முடித்த, பிறருக்குக் கொடுக்க மனம் ஒப்பும் ஒரு புத்தகத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவரும்படி எழுதிவிடுங்கள். மேலே தன் பெயர் வேண்டாம், கதையைப் பற்றி ஒரே ஒரு வரி மட்டும் எழுத வேண்டும். வாசலிலேயே அவற்றை வாங்கி யாரும் பார்க்காமல் பெட்டிக்குள் சேர்த்துவிடுங்கள். மறந்துவிட்டு வருபவர்களுக்காக இரண்டு புத்தகங்களை நீங்கள் கூடுதலாக வைத்திருங்கள். பெட்டி திறந்ததும் அந்த ஒரு வரியைப் படித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள், தன்னுடையதை யார் எடுத்தார் என்று தவிப்போடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தின் சிரிப்பையும் கூச்சலையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கடைசியாக, உங்கள் மகன். அக்காவின் நண்பர்கள் கூட்டத்தில் அவனை ஓர் அணியில் சேர்த்தால் அவனும் தவிப்பான், அவளும் சங்கடப்படுவாள். அறையில் தனியாக உட்காரவைத்தாலோ அழுவான். எண் பூட்டு ஒன்று வாங்கிப் பெட்டிக்குப் போடலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். மூன்று இலக்கப் பூட்டில் 1000 சேர்க்கைகள் உண்டு, ஆனால் இரண்டு இலக்கம் தெரிந்துவிட்டால் பத்தே முயற்சியில் திறந்துவிடும், பிள்ளைகள் அதைத் தவறாமல் செய்வார்கள். அதைவிட நல்ல பூட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மூன்று வரைபடத் துண்டுகளின் பின்புறத்திலும் ஒவ்வொரு சொல்லை எழுதுங்கள். பெட்டியைக் கயிற்றால் பல முடிச்சுகள் போட்டுக் கட்டி, வரைபடம் காட்டும் மறைவான இடத்தில் உங்கள் மகனை அதன் காவலனாக உட்காரவையுங்கள். மூன்று அணிகளும் வந்து, ஒவ்வோர் அணியும் தன் சொல்லைச் சரியான வரிசையில் சொன்னால் மட்டுமே அவன் கயிற்றை விடுவான். யார் கெஞ்சினாலும் கொடுக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லிவையுங்கள். 8 வயதில் இதைப் போன்ற ஒரு பொறுப்பை அவன் சாப்பாட்டைக்கூட மறந்து காப்பாற்றுவான். வேட்டை தொடங்கி அரை மணி நேரம் கழித்து அவனை அங்கே அனுப்பினால் போதும், அதுவரை வாசலில் புத்தகங்களை வாங்கிப் பெட்டிக்குள் அடுக்குவதும் அணிகளின் நூலைக் கட்டிவிடுவதும் அவன் வேலையாக இருக்கட்டும்.